களமும் கடிகாரமும்: அமெரிக்கக் கால்பந்தில் வீரர் தேர்வு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான தேசியக் கால்பந்து லீக், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் ஏற்பாட்டை 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியா நகரின் ஓட்டல் ஒன்றில் முதன்முதலாக நடத்தியது. வசதி படைத்த அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போகாதிருக்க, கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் வாய்ப்பு என்ற விதியை முன்மொழிந்தவர் ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். அன்று பரிசீலனைக்கு வந்தவை ஏறத்தாழ 90 பெயர்கள். தேர்வுக்கெனத் தனி ஊழியர்கள் இல்லாத அக்காலத்தில், செய்தித்தாள்களும் கல்லூரிப் பயிற்சியாளர்களின் சொல்லுமே சான்றுகளாக நின்றன.

1946-இல் ராம்ஸ் அணி எடி கோட்டல் என்பவரை முழுநேரத் தேர்வாளராக அமர்த்தி, ஊர் ஊராகச் சென்று ஆட்டத்தை நேரில் காணும் வழக்கத்துக்கு வித்திட்டது. எனினும், கல்லூரிக்குக் கல்லூரி எதிரணியின் வலிமை மாறுபடுவதால், எளிய எதிரிகளிடம் குவித்த சாதனையையும் கடியவரிடம் பெற்ற சாதனையையும் ஒரே தராசில் நிறுக்க முடியவில்லை. இக்குறையைப் போக்கவே, 1960-களில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி, இந்தியாவில் பிறந்த புள்ளியியலாளர் சலாம் குரேஷியின் துணையோடு தேர்வாளர்களின் மதிப்பீடுகளைக் கணினியில் ஏற்றியது. அதே அணி 1964-ஆம் ஆண்டுக்கான டிராஃப்டின் ஏழாம் சுற்றில் எடுத்த பாப் ஹேஸ், அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்று, பின்னர் கால்பந்திலும் பெரும் புகழ் ஈட்டியதால், வேகத்தின் மீதான நம்பிக்கை ஆழ வேரூன்றியது.

அந்நம்பிக்கைக்கு நிலையான வடிவம் தந்தது ‘கம்பைன்’ எனப்படும் உடற்திறன் சோதனை முகாம். 1982-இல் டாம்பா நகரில் தொடங்கிய இது, 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் இளைஞன், எதிரியோ பந்தோ இல்லாத வெறுந்தடத்தில் 40 கெஜம், அதாவது சுமார் 36.6 மீட்டர் ஓடுகிறான். மல்லாந்து படுத்து 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ எடையை முடிந்த மட்டும் தூக்குகிறான். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதே இம்முறையின் பலம். ஆட்டத்தின் நெருக்கடி இதில் அறவே இல்லை என்பதே இதன் பலவீனம்.

1995-இல் இச்சோதனைகளுக்கென்றே பயிற்சி செய்து அசத்திய மைக் மாமுலாவை, ஈகிள்ஸ் அணி பேரம் பேசி முன்னேறி ஏழாம் இடத்தில் எடுத்தது. அவர் 2000-ஆம் ஆண்டோடு களத்தை விட்டார். அந்தப் பேரத்தில் பின்னுக்குச் சென்ற டாம்பா பே அணி 12-ஆம் இடத்தில் எடுத்த வாரன் சாப், பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டெரல் சக்ஸின் கதையும் இதையே உணர்த்துகிறது. பந்தெறியும் குவார்ட்டர்பேக்கை எறியவிடாமல், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி வீழ்த்துவது ‘சாக்’ எனப்படும். 2002-இல் ஒரே கல்லூரிப் பருவத்தில் 24 சாக் செய்து சாதனை படைத்த அவர், ஓட்டத்தில் மெதுவானவர் என்பதால் ஐயத்துக்குள்ளாகி 10-ஆம் இடத்துக்குச் சரிந்தார். பால்டிமோர் அணியில் சேர்ந்து, தொழில்முறை வாழ்வில் 139 சாக் செய்து முடித்தார்.

எனவே, கடிகாரத்தின் கணக்கு தேர்வாளரை ஆட்டப் பதிவுகளை மறுபடி பார்க்கத் தூண்டும் கேள்வியாக இருக்கும்வரை பயன் தருகிறது. அதுவே தீர்ப்பாகும்போது, ஆண்டுக்கணக்கில் களத்தில் உழைத்துக் காட்டிய திறமைக்கு அநீதி இழைக்கிறது. உடல் எதைச் செய்யக்கூடும் என்பதைச் சோதனை காட்டும். ஆட்டக்காரன் எதைச் செய்தான் என்பதற்குக் களமே சாட்சி.