அடிச்சவரையே கோச்சாக்கிய பாதலோனா

ஸ்பானிஷ் பாஸ்கெட்பால்னா ரியல் மாட்ரிட், பார்சலோனாதானான்னு கேக்குறவங்களுக்கு இந்த எபிசோட்.

பார்சலோனாவை ஒட்டியே இருக்கிற தொழிற்சாலை ஊர் பாதலோனா. 1930-ல் அங்கே தொடங்கின கிளப் ஹுவென்டுட். ஊர்க்காரங்களுக்கு அது ‘லா பென்யா’, அதாவது நம்ம செட்டு மாதிரி.

1992, இஸ்தான்புல். ஐரோப்பியக் கோப்பை இறுதி. எதிரே பெல்கிரேடின் பார்டிசான். யூகோஸ்லாவியப் போரால அந்த சீசன்ல அவங்க ‘ஹோம்’ மேட்ச்களில் பெரும்பாலானதை ஸ்பெயினில்தான் ஆடினாங்க! கடைசி நொடிகளில் ஜோர்ஜெவிச் ஓடிக்கிட்டே வீசின த்ரீ-பாயின்டர் உள்ளே போச்சு. 71-70. அந்தப் பந்தை எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்திருப்பேனோ, எனக்கே கணக்கில்லை.

பார்டிசான் கோச்சுக்கு அப்போ 32 வயசு. பேரு ஒப்ராடோவிச். முந்தின வருஷம் வரை அதே டீமின் ஆட்டக்காரர்.

இப்போ பாதலோனா என்ன பண்ணுச்சு தெரியுமா? 1993-ல் அவரையே கோச்சாகக் கூட்டிட்டு வந்தது. தோற்கடிச்சவன் மேல கடுப்பாகுறது சுலபம், வேலை குடுக்கத் தனி மனசு வேணும்.

1994, டெல் அவிவ். செமிஃபைனல்ல பக்கத்து ஊர் பணக்கார பார்சலோனாவைத் தாண்டியாச்சு. இறுதியில் கிரீஸின் ஒலிம்பியாகோஸ் ஒரு பாயின்ட் முன்னிலை. இருபது நொடிகூட இல்லாத நேரத்தில் கார்னி தாம்ப்சன் த்ரீ-பாயின்டர் போட்டார். 59-57. இரண்டு வருஷம் முன்னாடி தங்களை அழவெச்ச அதே த்ரீ-பாயின்டர், இந்தத் தடவை அவங்க கையில.

ஒப்ராடோவிச் ஒரே சீசன்தான் இருந்தார், அடுத்து ரியல் மாட்ரிட் போயிட்டார். ஹுவென்டுட் தன் பசங்களை வளர்க்கிறதை நிறுத்தலை. 2005-ல் ரிக்கி ரூபியோவை லீக்ல இறக்கினப்போ அவருக்கு வயசு 14.