சாக்கடையைப் படித்த ஊர்

லோவெல் நகரத்தின் சாக்கடை மெரிமாக் ஆற்றில் கலக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கீழே, அதே ஆறு லாரன்ஸ் நகரத்தின் குடிநீர்க் குழாயில் வரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதுதான் நடைமுறை. இரண்டுமே ஆற்றை அணைகட்டித் திருப்பி, அந்த நீரின் வேகத்தில் துணி ஆலைகளை ஓட்டிய ஊர்கள். ஓடுற தண்ணீர் தன்னாலே சுத்தமாகிடும் என்பதை நம்மூரில் மட்டும் இல்லை, அங்கே இன்ஜினியர்களே நம்பினார்கள்.

1890இல் லோவெலில் டைபாய்டு பரவியது. கொஞ்ச நாளில் லாரன்ஸிலும் சாவுகள் ஆரம்பித்தன. வில்லியம் செட்ஜ்விக் என்ற உயிரியலாளர் வீடு வீடாக விசாரித்து, நோய் ஆற்றின் வழியாகத்தான் வந்தது என்று காட்டினார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஆராய, மாநிலச் சுகாதார வாரியம் 1887லேயே ஒரு நிலையத்தைத் தொடங்கியிருந்தது. அது இருந்த இடம் இதே லாரன்ஸ். தொட்டிகளில் மணலை நிரப்பி, சாக்கடை நீரை விட்டு விட்டுப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மணல் சல்லடை மாதிரி வேலை செய்யவில்லை. மணலில் குடியேறிய நுண்ணுயிர்கள்தான் காற்றின் துணையோடு அழுக்கைத் தின்றன. சாக்கடையைச் சுத்தம் செய்வது ஒரு உயிர்வினை என்பது அங்கே நிரூபணமானது.

சரி, டைபாய்டு வந்தபிறகு இந்த அறிவை வைத்து என்ன செய்தார்கள்? நிலையத்தை வழிநடத்திய ஹைராம் மில்ஸின் திட்டப்படி, 1893இல் குடிநீருக்கு ஒரு மணல் வடிகட்டி கட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டைபாய்டு சாவுகள் மளமளவென்று குறைந்தன. அதற்குப் பிறகும் செத்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள். வேலை நேரத்தில் அவர்கள் கால்வாய்த் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குடித்திருந்தார்கள்.

ஆனால் ஊரின் சாக்கடை? அது எப்போதும்போல ஆற்றுக்கே போனது. காரணம் அறியாமை இல்லை, கணக்கு. அதே நிலையத்தில் பணியாற்றிய ஆலன் ஹேஸன் போன்ற பொறியாளர்களே, சாக்கடையைச் சுத்தம் செய்வதைவிடக் குடிநீரைச் சுத்தம் செய்வது மலிவு என்று வாதிட்டார்கள். வடிகட்டி கட்டினால் பிழைப்பது நம் பிள்ளை. சாக்கடையைச் சுத்தம் செய்தால் செலவு நம்முடையது, பலன் கீழே இருக்கிற ஊர்க்காரனுக்கு. எந்த நகரசபை அதற்கு வரி போடும்?

லாரன்ஸின் பாடத்தை வெளியூர்கள் எடுத்துக்கொண்டன. 1912இல் மான்செஸ்டரிலிருந்து வந்த கில்பர்ட் ஃபௌலர், இங்கே கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனைகளைப் பார்த்தார். ஊர் திரும்பி அதைச் சொன்னார். அங்கே ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: அடியில் தங்கும் கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். கசடில் நுண்ணுயிர்கள் பெருகப் பெருக, வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. 1914இல் வெளியான இந்த முறைக்குப் பெயர் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ். இன்று சென்னையின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வரை இயங்குவது இதில்தான். ஃபௌலரும் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.

லாரன்ஸின் சாக்கடைக்கு ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எப்போது வந்தது தெரியுமா? 1977இல். ஆராய்ச்சி தொடங்கி 90 வருஷம் கழித்து. அதுவும் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் ஊர்களைக் கட்டாயப்படுத்தி, கட்டுமானச் செலவில் பெரும்பங்கை மத்திய அரசே ஏற்ற பிறகு. விஞ்ஞானம் 1890களிலேயே தயார். கீழே இருக்கிறவனுக்கும் சேர்த்துச் செலவு செய்ய வைக்கும் சட்டம்தான் அதுவரை இல்லை.

கனமழை பெய்தால் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடும் பழைய பகுதிகள் இன்றும் நிரம்பி, மெரிமாக்கில் வழிகின்றன. லோவெலிலும் அப்படித்தான். லாரன்ஸ் இப்போதும் அந்த ஆற்றிலிருந்துதான் குடிக்கிறது.