அகலத்துக்கு வரி

ஒரு படகு. நீர்மட்டத்தில் அதன் நீளம் 34 அடி. அகலம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐந்தரை அடி. அதாவது உங்கள் வீட்டு டபுள் காட் கட்டிலின் அகலம்.

கடலில் போகிற படகை யாராவது இப்படிக் கட்டுவார்களா?

கட்டினார்கள். பெயர் ஊனா. வடிவமைத்தவர் வில்லியம் இவான்ஸ் பேட்டன். 1886-இல் புத்தம் புதுப் படகை ஒப்படைப்பதற்காக எடுத்துக்கொண்டு போனபோது, அயர்லாந்துக் கரையோரம் புயலில் சிக்கி நொறுங்கிப் போனது. ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. பேட்டனும் அந்தப் படகில்தான் இருந்தார்.

புயல்மீது பழி போடலாம். ஆனால் அந்தப் படகை அத்தனை ஒல்லியாக்கியது புயல் இல்லை. ஒரு சூத்திரம்.

விஷயம் இதுதான். பாய்மரப் படகில் பெரிசுக்கும் சிறிசுக்கும் போட்டி வைத்தால் பெரிசுதான் ஜெயிக்கும். படகு நீளமாக இருந்தால் அது எழுப்புகிற அலையும் நீளம். நீள அலை வேகமாக ஓடும். ஓட்டுகிறவரின் சாமர்த்தியம் அப்புறம். ஆகவே சின்னப் படகுக்குக் கொஞ்சம் நேரச் சலுகை கொடுத்தால்தான் நியாயம். சரி, எவ்வளவு கொடுப்பது? அதற்குப் படகை அளக்கவேண்டுமே?

இங்கிலாந்துக் கனவான்கள் புதிதாக யோசித்து மெனக்கெடவில்லை. சரக்குக் கப்பல்களுக்கு ஏற்கெனவே ஒரு டன் கணக்கு இருந்தது. வரி வசூலுக்காக ஏற்பட்ட கணக்கு. நீளத்தை அள, அகலத்தை அள, பெருக்கு. ஆழம்? சரக்கு ஏற்றிய கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி யார் அளப்பது? அகலத்தில் பாதி என்று வைத்துக்கொள், போதும்!

காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில், அடுத்து என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புத்தகம் பார்க்காமலே சொல்லத் தெரியும். ஆழத்துக்கு வரி இல்லை. அகலத்துக்கு இரண்டு முறை வரி. எனில், கப்பலைக் குறுக்கு, ஆழமாக்கு. வியாபாரிகள் அதைத்தான் செய்தார்கள்.

1855-இல் ராயல் தேம்ஸ் யாட் கிளப் இந்தக் கணக்கைத் தட்டிக்கொட்டிப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. வியாதியும் கூடவே வந்தது. படகுகள் வருஷத்துக்கு வருஷம் இளைத்தன. கவிழாமல் இருக்க அடியில் ஈயத்தைக் கட்டினார்கள். பலகையைச் செங்குத்தாக நிறுத்தினமாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். நடுவில் சூத்திரத்தை மாற்றியும் பார்த்தார்கள். ம்ஹூம். அகலத்துக்கான தண்டனை மட்டும் போகவில்லை. அந்தப் பாதையின் கடைசி முனையில் நின்றவள்தான் ஊனா.

அதே 1886-இல் டன் கணக்கைத் தலைமுழுகிவிட்டு, நீளத்தையும் பாயின் பரப்பையும் அளக்க ஆரம்பித்தார்கள். நிபுணர்கள் அதிலும் சந்து கண்டுபிடித்தார்கள். பிறகு இன்னொரு விதி. இன்னொரு சந்து. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். புயல் பயங்கரமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அளவை விதிக்குத் தோதாக அகலமாகவும் லேசாகவும் வளைக்கப்பட்ட படகுகள் கவிழ்ந்தால் நிமிருமா என்கிற கேள்வி அப்போது எழுந்தது. 93 வருடம் கழித்தும் அதே கேள்வி. ஒரே வித்தியாசம், இம்முறை அகலம் அதிகம்!

இதற்கு முடிவே இல்லையா?

இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து சில வருடங்களில் போர்ட்ஸ்மத் பக்கத்தில் லாங்ஸ்டன் என்கிற சின்ன கிளப்பில் மில்லெட்ஜ் என்பவர் ஒரு காரியம் செய்தார். அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டார். எந்த வகைப் படகு நிஜப் பந்தயங்களில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று மட்டும் பார்த்தார். அதிலிருந்து வகைக்கு ஓர் எண். போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று பேர். கிளப்புகள் தங்கள் முடிவுகளை அனுப்ப அனுப்ப, எண்ணும் திருத்தப்படும்.

கணக்கு ரொம்ப சுலபம். ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்கவேண்டும். ஒருத்தர் ஓட்டும் லேசர் படகுக்கு எண் சுமார் 1100. சிறுவர்கள் ஓட்டும் பெட்டி மாதிரியான ஆப்டிமிஸ்டுக்குச் சுமார் 1640. லேசர் 52 நிமிடத்தில் வந்துவிட்டது. ஆப்டிமிஸ்ட் ஆடி அசைந்து 75 நிமிடத்தில் வருகிறது. வகுத்துப் பாருங்கள். லேசருக்கு 47 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆப்டிமிஸ்டுக்கு 46-கூட இல்லை. பொடியன் ஜெயித்துவிட்டான்!

இதில் ஏமாற்ற முடியாதா? வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி எண்ணை ஏற்றலாமே? ஓட்டலாம். ஆனால் அந்த எண் ஒருவர் படகின் எண் இல்லை. ஊர் ஊராக அந்த வகைப் படகை ஓட்டுகிற எல்லோருக்கும் பொது. தனியாளாக அசைக்க முடியாது. குறை இல்லாமலும் இல்லை. மந்தக் காற்றுக்கும் பலத்த காற்றுக்கும் ஒரே எண் என்றால், ஏதாவது ஒரு படகு முணுமுணுக்கத்தான் செய்யும். ஆனால் இந்த எண்ணுக்காக யாரும் படகை ஒல்லியாக்க வேண்டியதில்லை. அது பெரிய விஷயம்.

ஓட்டத் தெரியாதவருக்கு மட்டும் இதில் சலுகை கிடையாது. எண் படகுக்குத்தான், ஆளுக்கு இல்லை.

ஆகவே இந்தப் பந்தயங்களில் முதலில் கோட்டைத் தாண்டியவர் கையைத் தூக்குவதில்லை. ஈர உடையோடு கரையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அவர் ஜெயித்தாரா என்பது இன்னும் கடலில் வந்துகொண்டிருக்கும் ஒரு சின்னப் படகின் கையில் இருக்கிறது.