சுழலாத பாபின்

1863-ஆம் ஆண்டு, மதுரைக் கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச் பழனி மலையின் உச்சியில் ஓர் ஓடையை மறித்துக் கரை கட்டினார். தேங்கிய தண்ணீர் நட்சத்திர வடிவில் விரிந்து கொடைக்கானல் ஏரியானது. ஏரி வந்தால் படகு வேண்டும். படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. வண்டிப் பாதையே இல்லாத காலம் அது. மலைக்கு எது போனாலும் அடிவாரத்திலிருந்து சுமந்துதான் போக வேண்டும். உப்புத் தண்ணீருக்குப் பழகிய ஊரின் படகு ஏழாயிரம் அடி உயரத்தில் மிதந்தது. அதில் தூண்டிலோடு ஏறிய துரைமார்களுக்கு ஒரு வில்லங்கம் காத்திருந்தது.

தூத்துக்குடிப் பரதவருக்கு அந்த வில்லங்கம் இருந்ததில்லை. அவர்களுடைய தூண்டிலில் கம்பே கிடையாது. கயிறு, ஈயக்குண்டு, முள், அவ்வளவுதான். கயிற்றைச் சுருளாகத் தரையில் விட்டு, குண்டைச் சுழற்றி வீசுவார்கள். மீன் தொட்டால் ஆள்காட்டி விரல் சொல்லிவிடும். துரைமார்களுக்கோ கம்பு வேண்டும், கயிற்றைச் சுற்றி வைக்க ரீல் வேண்டும். இரண்டும் கப்பலில் வந்தன. இதில் வேடிக்கை, அந்தக் காலத்து உயர்ந்த தூண்டில் கம்புகள் பலவும் வங்காள மூங்கிலைப் பிளந்து, கீற்றுகளை ஒட்டிச் செய்தவை. உடலெங்கும் தீயில் சுட்ட தழும்போடு கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறிய மூங்கில், கடல் கடந்து போய் விலையுயர்ந்த கம்பாகத் திரும்பி வந்தது.

சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் மங்களூரில் ஒரு தடித்த புத்தகமே வெளியிட்டார். மகசீர் போன்ற பெருமீன் என்றால் சிக்கல் இல்லை. கனமான இரையை வீசினால் அந்தக் கனமே ரீலைச் சுழற்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். வில்லங்கம் சிறு மீனில்தான்: அதற்குச் சிறு இரைதான் வேண்டும். அந்த இலேசான இரைக்கு ரீலை அசைக்கவே வலு போதாது. கையால் ஓங்கி வீசினால் இன்னொரு தொல்லை: இரை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் ரீல் நிற்காமல் சுழன்று கயிற்றை உமிழும், ஒரு நொடியில் கையளவு சிக்கு. அதைப் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். சுழலும் ரீலை எப்படி நிறுத்துவது என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கேள்வியே தப்பு என்று முதலில் கண்டுகொண்டவர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் தூண்டில் கடை வைத்திருந்தார்.

அவர் பீட்டர் மல்லாக். 1884-இல் அவர் செய்த ரீல், வீசும் நேரத்தில் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். உருளை சுழலாது, கயிறு அதன் விளிம்பு வழியாக வளையம் வளையமாகக் கழன்று போகும். இலேசான இரையும் தூரம் போனது. ஊரே பாராட்டியது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் கயிற்றில் முறுக்கு ஏறியது. முறுக்கு ஏற ஏறக் கயிறு தன்னைத்தானே பின்னிக்கொண்டது. வெற்றி கைக்கு எட்டி நழுவியது.

இதற்கிடையில், விடை கொடைக்கானலின் காலடியிலேயே வந்து இறங்கியிருந்தது. 1892-இல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நூற்பாலை தொடங்கினார்கள். நூற்பாலைக்குள் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: நூல் சுற்றிய பாபின் ஆடாமல் அசையாமல் நிற்கும், நூல் மட்டும் அதன் முனை வழியாக விரைந்து கழன்றுகொண்டே இருக்கும். நூலை ஏற்றும்போதோ, பாபினைச் சுற்றிவரும் ஒரு விரல் போன்ற கம்பி அதைச் சீராகச் சுற்றிவிடும். மதுரையில் அதைப் பார்த்த எவருக்கும் தூண்டில் நினைவு வரவில்லை. இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளின் ஊரான பிராட்ஃபர்டில் ஒருவருக்கு வந்தது.

ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் ஆலைக் குடும்பத்துக்காரர், தூண்டில் பித்தர். ஆலையில் நூல் கழல்வதைப் பார்த்தே அவருக்கு யோசனை உதித்தது என்று தூண்டில்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை எப்போதும் சுழலாது. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு கம்பி விரல் உருளையை வலம்வந்து நூலை ஏற்றும். வீசும்போது நூல் தானே கழலும். மல்லாக் உருளையைத் திருப்பினார். இல்லிங்வொர்த் அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். அத்தனை ஆண்டு முயற்சியைவிட இந்த ஒரு பார்வை பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ரீல் உடனே உலகை வெல்லவில்லை. அதற்கு ஏற்ற நூல் அப்போது பிறக்கவே இல்லை.

இருந்தது பட்டுநூல். நனைந்தால் ஊறும், காயவைக்க மறந்தால் மக்கும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் நைலானை உருவாக்கினார். 1937-இல் அவர் இறந்துபோனார்; உலகுக்கு நைலான் அறிவிக்கப்பட்டது 1938-இல். அடுத்த ஆண்டே அது ஒற்றை இழைத் தூண்டில் நூலாகக் கடைக்கு வந்தது. நம் கடற்கரைக் கடைகளில் தொங்கும் தங்கூசி நரம்பு அதன் வாரிசுதான். கரோதர்ஸுக்குத் தூண்டில் நூல் செய்யும் எண்ணமே இருந்ததில்லை. இல்லிங்வொர்த் ரீலுக்கு உயிர் கொடுத்தது அவர் நூல்தான். அதற்குள் உலகப் போர் மூண்டது.

போர் முடிந்த பிறகு பிரான்சின் குளூஸ் ஊரில், கடிகாரப் பல்சக்கரம் செய்து பழகிய மலைப் பள்ளத்தாக்கில், 1948-இல் மிட்செல் என்ற ரீல் பிறந்தது. துல்லியமானது, உறுதியானது. ஒரு குறை மட்டும்: நூலைப் பிடிக்கும் முழு வளைவுக் கம்பியின் உரிமை 1932 முதல் இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனத்திடம் இருந்தது. அது 1954-இல் காலாவதியாகும்வரை மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

கம்பின் கதையையும் போர்தான் திருப்பியது. கல்கத்தா மூங்கிலின் இடத்தைச் சீனாவின் டோங்கின் மூங்கில் எப்போதோ பிடித்துவிட்டிருந்தது. போர்க்காலத்தில் ஆர்தர் ஹோவால்ட் என்ற அமெரிக்க வேதியியலாளரின் மூங்கில் கம்பு முனை ஒடிந்ததாம். மாற்று முனை கிடைக்காமல் கண்ணாடி இழையில் தானே ஒன்று செய்துகொண்டார். 1950-இல் கொரியப் போரால் அமெரிக்கா சீனச் சரக்கைத் தடை செய்தது. மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கம்பு சந்தையை நிரப்பியது. எழுபதுகளில் விமானப் பொறியியலிலிருந்து இறங்கிவந்த கார்பன் இழை அதையும் இலேசாக்கியது.

இப்படிச் சேர்ந்ததுதான் இன்று எவரும் திரும்பிப் பார்க்காமல் கையில் எடுக்கும் ஸ்பின்னிங் ரீலும் கார்பன் கம்பும். நன்னீர் மீனுக்குப் பிறந்த இது, உப்பு அரிக்காத உலோகமும் நீர் புகாத மூடியும் வந்த பிறகு கடலுக்கு இறங்கியது. கொடைக்கானல் ஏரிக்கரையில் கெண்டைக்குப் போதுமானது 2500 அளவு ரீல். தூத்துக்குடிக்கு வெளியே படகில் பாறை, ஊளி, சிறு வஞ்சிரம் தேடுபவர் அதையே கொண்டுபோனால் நூல் போதாது. 4000 அளவு, இருநூறு மீட்டர் பின்னல் நூல் ஏற்றியது வேண்டும். கரையிலிருந்து வீசுபவருக்குத்தான் நீளக் கம்பு. படகில் மீன் நேராகக் கீழிருந்து இழுக்கும். நீளம் கூடினால் அந்த இழுவை மணிக்கட்டில்தான் ஏறும். அதனால் ஆறரை, ஏழு அடிதான் அங்கே பொருத்தம். கம்பின் மேல் எழுதிய எடையும் இரையின் எடையும் ஒத்துப்போக வேண்டும். 15 முதல் 40 கிராம் வரை வீசும் கம்பு இந்த வேட்டைக்குப் போதும். ரீலின் இழுவிசைத் திருகை நூல் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு வைத்தால், திடீரென்று பாயும் மீனுக்கு நூல் அறாமல் விட்டுக்கொடுக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாத ரீல் எவ்வளவு விலை கொடுத்ததானாலும் சில மாதங்களில் இறுகிவிடும்.