மலையகத்துத் தப்பும் அதன் சுருதியும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிச் செடிகளை நாசமாக்கியதையும், 1884இல் ஹட்டனுக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததையும் விஸ்தாரமாகச் சொல்லுகிறார்கள். ஆனால், அத்தோட்டங்களில் விடியலுக்கு முன்னே தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைத் துயிலெழுப்பிய வாத்தியத்துக்கு ஒரு வரிக்கு மேல் இடம் தருவதில்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பிரதேசங்களிலிருந்து ஆள் திரட்டிய கங்காணிமாரின் பின்னால் கடலையும் காட்டையும் கடந்து வந்த ஏழை ஜனங்களோடு மலையேறிய தப்புத்தான் அந்த வாத்தியம்.

தோட்ட நிர்வாகம் அதை முதலில் தன் காரியத்துக்கே பயன்படுத்திக்கொண்டது. இருள் பிரியுமுன் லயத்தின் முன்னே நின்று ஒருவர் தப்படிக்க, ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்துக்கு விரைந்தார்கள். கணக்கப்பிள்ளை பெயர் பதிந்து வேலை பிரித்துக் கொடுத்தார். மலையகத்தின் பெருங்கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையை அந்த விடியற்காலத் தப்பொலியிலிருந்தே தொடங்கினார் என்றால், அவ்வொலி அம்மக்களின் ஜீவனத்தோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதை ஊகிக்கலாம். தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு அந்த வேலையைப் பின்னர் எடுத்துக்கொண்டது.

தப்பின் அமைப்பு எளிது. வளைவான மரத்துண்டுகளை வட்டமாகப் பொருத்தி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையிட்டு இழுத்து ஒட்டிக் காயவைப்பார்கள்; ஒரு கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. கடினமான காரியம் இதன் சுருதியைக் காப்பதுதான். மின்சாரக் கிதாரின் தந்தி தளர்ந்தால் முறுக்காணியைச் சற்றே திருகினால் போதும். மிருதங்கத்தின் சுருதி இறங்கினால் கல்லும் கட்டையும் கொண்டு விளிம்பைத் தட்டி ஏற்றிவிடலாம். தப்புக்கோ வாரும் இல்லை, ஆணியும் இல்லை. அதன் தோலை முறுக்கேற்ற நெருப்பு ஒன்றே கதி.

தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சினால் தளரும், தளர்ந்தால் நாதம் அமுங்கிப்போகும். தமிழ்நாட்டின் வெயிலில் ஒருமுறை காய்ச்சிய தப்பு நெடுநேரம் கணீரென்று பேசும். ஆறாயிரம் அடிக்கு மேலே நுவரெலியாவிலும், தென்மேற்குப் பருவமழை நாள்கணக்கில் விடாது பெய்கிற ஹட்டன், மஸ்கெலியாப் பக்கங்களிலும் அந்தச் சௌகரியம் ஏது? ஆகவே கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகளின் சுள்ளியான மிலாறைக் கூட்டித் தீ மூட்டி, தோலின் முகத்தைத் தணலுக்குச் சாய்த்துப் பிடித்து, ஓரிடத்திலேயே சூடு தங்காதபடி வட்டமாகத் திருப்பிக்கொண்டே, இடையிடையே உள்ளங்கையால் தடவிச் சூடு பார்த்து, விரலால் சுண்டிக் கேட்பார்கள். ‘தொம்’ என்று மந்தமாக இருந்த ஒலி படிப்படியாக ஏறி ‘டண்’ என்று தெறிக்கும் க்ஷணத்தில் நெருப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். சற்றே தாமதித்தால் தோல் வெடிக்கும், அல்லது பசை விட்டுப்போகும். அந்த க்ஷணத்தைச் செவியும் கையும் சேர்ந்தே அறிந்துகொள்கின்றன. இதை ஒரு சாஸ்திரம் என்றே நான் கருதுகிறேன்.

மாசி மாதத்துக் காமன் கூத்தில் இந்தச் சாஸ்திரத்தின் முழு மேன்மையும் விளங்கும். அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமனை ஊன்றி, ரதி மன்மதன் கதையை இரவுதோறும் ஆடிப் பாடி, பௌர்ணமியையொட்டிக் காம தகனம் நடத்துவது தோட்ட மக்களின் சம்பிரதாயம். மலைப்பனி இறங்கும் அவ்விரவுகளில், ஆட்டம் சூடேறும்போது தப்பு சோர்ந்துவிடக் கூடாதென்று, பக்கத்திலேயே தீ வளர்த்து, ஒருவர் அடிக்க இன்னொருவர் காய்ச்சுவதாக மாறி மாறிப் பணி செய்வார்கள். காலையில் தோட்டத் துரைக்காக ஒலித்த அதே தோல் இரவில் தன் ஜனங்களுக்காக ஒலித்தது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு கொடுமையையும் மறைக்கலாகாது. தப்படிப்பதை ஒடுக்கப்பட்ட சாதியாரின் கட்டாய ஊழியமாக விதித்து, சாவு வீட்டில் அவர்களை வாசலுக்கு அப்பால் நிறுத்திய வழக்கம் கிராமத்திலிருந்தே தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஊழியத்தை மறுத்துத் தப்பைக் கீழே வைத்தவர்கள் நியாயமாகவே வைத்தார்கள். அவமானம் அந்த ஊழியத்தை விதித்தவர்களையே சேர்ந்தது. தோலையும் தீயையும் அறிந்த ஞானமோ அந்தக் கலைஞர்களுக்கே உரிய சொத்து. இன்று இளைஞர்கள் அதே தப்பைத் தங்கள் அடையாளமாக மேடையில் ஏந்துவதைக் காண மனம் மகிழ்கிறது.

1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தபோது, கப்பலேறிய குடும்பங்களோடு இந்த அறிவும் சிதறிப்போயிற்று. லயங்களில் எஞ்சியிருக்கும் முதிய கலைஞர்களிடம் தோல் தேரும் முறையையும், பசை காய்ச்சும் பக்குவத்தையும், ஒவ்வோர் அடியின் பெயரையும் கேட்டுப் பெயரோடும் ஒலியோடும் பதிந்து வையுங்கள். மலையகத்துப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே.