பம்பாய் நேரமும் கல்கத்தா நேரமும்

பம்பாய் நேரம், கல்கத்தா நேரம் ஆகியவை பிரிட்டிஷ் இந்தியாவின் இரு பெரிய துறைமுக நகரங்களில் வழக்கில் இருந்த உள்ளூர் நேரங்கள். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் 1906-ல் நடைமுறைக்கு வந்தபின்னும் இரு நகரங்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தத்தம் நேரத்தைக் கைவிடவில்லை.

கிரீன்விச் நேரத்தைவிடப் பம்பாய் 4 மணி 51 நிமிடமும் கல்கத்தா 5 மணி 53 நிமிடமும் முந்தியவை. ஆகவே ஹூக்ளிக் கரையில் நண்பகல் ஆகும்போது அரபிக்கடல் கரையில் மணி பதினொன்றைக்கூட எட்டியிருக்காது.

சென்னை நேரம்

ரயிலும் தந்தியும் வரும்வரை இந்த வேறுபாடு எவருக்கும் இடைஞ்சலாக இல்லை. ரயில் அட்டவணைக்குப் பொது நேரம் தேவைப்பட்டபோது சென்னை நேரம் தேர்வாயிற்று. சென்னை ஏறக்குறைய இரு நகரங்களுக்கும் நடுவான தீர்க்கரேகையில் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வானாய்வகமும் இருந்தது. பம்பாய்வாசி ஒருவர் ரயிலைப் பிடிக்க ஊர்க் கடிகாரத்தோடு அரைமணியைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

1881-ல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அரசு அலுவலகங்களில் சென்னை நேரத்தைக் கட்டாயமாக்கினார். நகரத்தார் அதை ஏற்கவில்லை. வேறொரு மாகாணத் தலைநகரின் மணியைத் தங்கள் ஊர் ஏன் காட்டவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 1883-ல் ஆணை கைவிடப்பட்டது. வணிகர்களின் கொடையால் பொதுக் கட்டிடங்கள் எழுந்த ஊர் பம்பாய். அங்குள்ள ராஜாபாய் மணிக்கூண்டே பருத்தி வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தின் நன்கொடையில் எழுந்ததுதான். அத்தகைய ஊர் கடிகாரத்தையும் தன் உடைமையாகவே எண்ணியதில் வியப்பில்லை.

1906 எதிர்ப்பு

கிரீன்விச்சைவிட ஐந்தரை மணிநேரம் முந்திய இந்தியத் திட்ட நேரம் 1905 ஜூலையில் ரயில்வேக்கும் 1906 ஜனவரி 1 அன்று பொதுப் பயன்பாட்டுக்கும் வந்தது. பம்பாய்க் கடிகாரம் 39 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. கல்கத்தாவிலோ அது ஏறத்தாழ 24 நிமிடம் பின்னே வரவேண்டியிருந்தது.

வேறுபாடு இந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆலைச்சங்கு அதே மணிக்கு ஊதினாலும், பம்பாய்த் தொழிலாளி சூரியக் கணக்கில் 39 நிமிடம் முன்னதாகவே எழவேண்டும். குளிர்கால விடியலுக்கு முன் கிளம்பும் ஒருவருக்கு இது தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட நேரம். அந்த ஜனவரியிலேயே பஞ்சாலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். ஆலைகள்மீது கற்கள் வீசப்பட்டன. நகராட்சி மன்றமும் அதே ஆண்டில் பழைய நேரத்துக்குத் திரும்ப முடிவெடுத்தது. ஊருக்குள் அரசு அலுவலகம் ஒரு மணியையும் நகராட்சிக் கட்டிடம் இன்னொரு மணியையும் காட்டின.

கல்கத்தாவில் திட்ட நேரத்தை ஏற்றிருந்தால் தொழிலாளிக்குக் காலையில் சற்று வெளிச்சம் கூடுதலாகவே கிடைத்திருக்கும், இழப்பு மாலையில்தான். 1905 அக்டோபர் 16 அன்று நடைமுறைக்கு வந்த வங்கப் பிரிவினையும் அதைத் தொடர்ந்த சுதேசி இயக்கமும் அந்நகரை ஆட்கொண்டிருந்தன. பம்பாயில் நடந்ததுபோல் ஆலை வாசலில் கடிகாரத்துக்காகக் கல்வீச்சு அங்கே நடக்கவில்லை. ஆனாலும் 1911 வரை தலைநகராக இருந்த அந்த ஊர் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அனைவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்ன அரசு, தன் வீட்டு வாசலிலேயே அதைச் செய்யமுடியவில்லை என்பது இவ்வரலாற்றின் வேடிக்கை.

முடிவு

விடுதலைக்குப் பின் கல்கத்தா 1948-லும் பம்பாய் 1950-லும் திட்ட நேரத்துக்கு மாறின. சூரியன் மாறவில்லை. ஜூன் மாதத்தில் கொல்கத்தாவில் காலை ஐந்துக்கு முன்பே விடிந்துவிடுகிறது. மும்பையில் சூரியன் எழ ஆறு மணியாகிறது. டிசம்பர் தொடக்கத்தில் கொல்கத்தாவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; மும்பையில் அதன்பின்னும் ஒரு மணிநேரம் வெயில் இருக்கும்.