சிறுவரின் உறுதிமொழி யாருக்கு? காலனிய இந்தியாவில் சாரணர் இயக்கச் சேர்க்கையும் மறுப்பும் (1909–1951)

ஆய்வுச் சுருக்கம்

பிள்ளைகளைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கலாமா என்னும் வினா இன்று பள்ளிப் பாடத்திற்குப் புறம்பான பயிற்சி ஒன்றைப் பற்றிய வினாவாகவே கருதப்படுகிறது. காலனிய இந்தியாவில் அது அரசியல் வினாவாக இருந்தது. இந்தியச் சிறுவருக்கு முதலில் இயக்கத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. வாயில் திறந்தபோது, பிரித்தானிய அரசருக்குக் கடமையாற்றுவதாக அவர்கள் உறுதி கூற வேண்டியிருந்தது. இந்நிலையில் ஒரு சாரார் சேர்க்கையையும் மற்றொரு சாரார் மறுப்பையும் தேர்ந்தனர். இவ்விரு நிலைப்பாடுகளும் இயக்கத்தின் அமைப்பையும் உறுதிமொழியையும் மாற்றிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னையில் தோன்றிய இந்தியச் சாரணர் சங்கத்திற்கு இதில் சிறப்பிடம் தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சாரணர் இயக்கம், உறுதிமொழி, அன்னி பெசன்ட், சேவா சமிதி, காலனியக் கல்வி, சேர்மாதேவி குருகுலம்.

முன்னுரை

சாரணர் இயக்கம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் நிறுவனரான பேடன் பவலின் நோக்கத்தையே மையப்படுத்துகின்றன. மைக்கேல் ரோசென்தால் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், பேரரசுக்குக் கீழ்ப்படியும் குடிகளை உருவாக்கும் தொழிற்சாலையாக இவ்வியக்கத்தைக் காண்கிறது. 1989இல் வெளிவந்த டிம் ஜீலின் வாழ்க்கை வரலாற்று நூல் அக்கருத்தை அவ்வாறே ஏற்கவில்லை. இவ்விவாதம் நிறுவனரின் எண்ணத்தைச் சுற்றியே நிகழ்வதால், பிள்ளைகளை அனுப்பிய அல்லது அனுப்ப மறுத்த சமூகத்தின் பங்கு அதில் முழுமையாக வெளிப்படுவதில்லை. எந்த நிபந்தனையின் பேரில் ஒரு சிறுவன் இயக்கத்திற்குள் நுழைந்தான் என்பதைக் கேட்கும்போதே அப்பங்கு புலனாகிறது. அந்நிபந்தனையை வாயில், உறுதிமொழி, பந்தி ஆகிய மூன்று நிலைகளில் காணலாம்.

சொல்லும் தோற்றமும்

தமிழில் இவ்வியக்கத்திற்கு வழங்கும் ‘சாரணர்’ என்னும் சொல் பழமையானது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காணும் சமணப் பெரியோர் சாரணர் எனப்படுகின்றனர். ஒற்றர் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. துறவையும் வேவையும் ஒருங்கே குறிக்கும் இச்சொல், அறப்பயிற்சியும் படைப்பயிற்சியும் கலந்து பிறந்த இயக்கத்திற்குப் பொருந்தியே அமைந்துவிட்டது.

பேடன் பவல் 1876இல் இந்தியாவிற்கு வந்து குதிரைப்படையில் பணியாற்றியவர். தென்னாப்பிரிக்கப் போரின்போது 1899–1900இல் நிகழ்ந்த மேபெகிங் முற்றுகையில் பெயர்பெற்றார். அம்முற்றுகையில் சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லுதல் போன்ற பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். 1907 ஆகஸ்டில் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு அவர் நடத்திய முகாமும், 1908இல் பகுதி பகுதியாக வெளிவந்த அவரது கையேடும் இயக்கத்திற்கு அடித்தளமாயின. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் சேர்த்தபோது இங்கிலாந்தின் இளைஞரிடம் காணப்பட்ட உடல் நலிவு பற்றிய அச்சமும், அதனையொட்டி 1904இல் வெளிவந்த குழு அறிக்கையும் இம்முயற்சிக்குச் சமூகப் பின்புலமாக அமைந்தன.

படைச்சார்பு பற்றிய ஐயம் இங்கிலாந்திலேயே தொடக்கத்தில் எழுந்தது. லண்டன் ஆணையராக இருந்த சர் பிரான்சிஸ் வேன் 1909இல் தலைமையகத்துடன் முரண்பட்டு வெளியேறி, ‘பிரித்தானியச் சாரணர்’ என்னும் தனி அமைப்பில் இணைந்தார். எனவே பிள்ளையை இவ்வியக்கத்திற்கு அனுப்பலாமா என்னும் தயக்கத்தைக் குடியேற்ற நாட்டாரின் காழ்ப்பாக மட்டும் கொள்ள இயலாது.

அடைக்கப்பட்ட வாயில்

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கரால் அமைக்கப்பட்டது. சிறுமியருக்கான முதல் சாரணியர் படை 1911இல் ஜபல்பூரில் தோன்றியது. தொடக்ககாலப் படைகள் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு உரியனவாக இருந்தன. இந்தியச் சிறுவர்களைச் சேர்ப்பதற்குக் காலனிய அலுவலர்கள் தடையாக நின்றனர். வழியறிதல், வேவு பார்த்தல், குழுவாக இயங்குதல் ஆகிய பயிற்சிகள் அரசுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பது அவர்களின் அச்சம்.

அவ்வச்சத்திற்குரிய சூழல் அக்காலத்தில் நிலவியது. 1902இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கிய அனுசீலன் சமிதி சில ஆண்டுகளிலேயே புரட்சி அமைப்பாக வளர்ந்திருந்தது. தமிழகத்தில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐரோப்பியச் சிறுவனிடம் நற்பண்பு எனப் பாராட்டப்பட்ட துணிவும் தற்சார்பும் இந்தியச் சிறுவனிடம் இராசதுரோகத்தின் முன்னறிகுறியாகக் காணப்பட்டன.

இந்நிலை இயக்கத்தின் சொந்த விதிக்கே முரணானது. 1908ஆம் ஆண்டுக் கையேட்டில் அமைந்த ஒன்பது விதிகளுள் நான்காவது, எச்சமூகநிலையைச் சேர்ந்தவராயினும் ஒவ்வொரு சாரணரும் மற்றவருக்கு உடன்பிறந்தார் எனக் கூறுகிறது. ஆயினும் பேரரசின் எல்லைக்குள் நிறம் அவ்வுடன்பிறப்பைத் தடுத்தது. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கச் சிறுவர்கள் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் தனி அமைப்பில் வைக்கப்பட்டனர். 1936இல் எட்டப்பட்ட உடன்பாடும் இன அடிப்படையில் பிரிந்த இணைகிளைகளையே ஏற்றது. இந்தியாவின் போக்கு இதிலிருந்து வேறுபட்டது. அதற்குக் காரணம், அடைக்கப்பட்ட வாயிலுக்கு வெளியே இந்தியர் தாமே சாரணர் அமைப்புகளை உருவாக்கியமையாகும்.

சென்னையின் விடை: சேர்க்கை

சென்னையில் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல் ஆகியோரின் முயற்சியால் இந்தியச் சாரணர் சங்கம் உருவாயிற்று. தலைப்பாகை சீருடையின் பகுதியாயிற்று; இந்தியப் பாடல்கள் பாடப்பட்டன. பயிற்சி முறை பேடன் பவலுடையதாகவும் தோற்றம் இந்தியாவுடையதாகவும் அமைந்தமை இச்சங்கத்தின் தனித்தன்மை.

இம்முயற்சி அரசியலிலிருந்து விலகி நிற்கவில்லை. பெசன்ட் 1916இல் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். 1917இல் சென்னை அரசு மாணவர்கள் அரசியலில் பங்கேற்பதைக் கட்டுப்படுத்தும் ஆணையைப் பிறப்பித்தது. அவ்வாண்டு ஜூனில் பெசன்ட், அருண்டேல், பி.பி. வாடியா ஆகிய மூவரும் காவலில் வைக்கப்பட்டுச் செப்டம்பரில் விடுவிக்கப்பட்டனர். தன் மகனை இச்சங்கத்திற்கு அனுப்பிய பெற்றோர், அரசின் ஐயத்திற்கு ஆளான தலைவர்களிடம் அவனை ஒப்படைத்தனர் எனலாம்.

1921இன் தொடக்கத்தில் பேடன் பவல் இந்தியா வந்தார். அப்பயணத்தையொட்டி இந்தியச் சாரணர் சங்கம் அவரது அமைப்புடன் இணைந்தது; பெசன்ட் அகில இந்திய மதிப்புறு ஆணையரானார். இந்தியச் சிறுவர்க்கு வாயில் திறந்தது; உறுதிமொழியிலோ அரசருக்குரிய கடமை அப்படியே நின்றது.

இணைப்பு நிகழ்ந்த காலம் கருதத்தக்கது. 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்று, அரசுசார் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைப் படிப்படியாக விலக்குமாறு வேண்டியது. பெசன்ட் ஒத்துழையாமையை எதிர்த்தவர். ஒருபுறம் பிள்ளைகளை விலக்குமாறு காங்கிரஸ் அழைக்க, மறுபுறம் அரசரின் பெயரால் உறுதி கூறும் அமைப்பில் அவர்களைச் சேர்க்கும் வழி திறந்தது. ஒரே வீட்டின் வாயிலில் இவ்விரு அழைப்புகளும் வந்து நின்றன. பெசன்ட்டின் தேர்வை அடிபணிவு எனத் தள்ளுவது எளிது. ஆயினும், நிற வேற்றுமையின் பேரில் தடுக்கப்பட்ட சிறுவர் சம உறுப்பினராக நுழைவதையே அவர் முதன்மையாகக் கொண்டார் எனக் கொள்ள இடமுண்டு. அவர் கோரிய தன்னாட்சியும் பேரரசுக்குள் சமநிலை பெறுவதையே நோக்கியது.

அலகாபாத்தின் விடை: மறுப்பு

வட இந்தியாவில் 1918இல் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோரின் முயற்சியால் சேவா சமிதி சாரணர் சங்கம் அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. பெருந்திரள் மக்கள் கூடும் விழாக்களில் தொண்டாற்றும் சேவா சமிதி மரபிலிருந்து இது கிளைத்தது. எனவே இங்குச் சாரணச் சிறுவனின் முன்மாதிரி எல்லைப்புற வேவுவீரன் அல்லன், மக்கள் தொண்டன்.

இச்சங்கம் 1921 இணைப்பில் சேரவில்லை. அரசருக்குக் கடமை என்னும் தொடரையே அதற்குரிய முதன்மைத் தடையாக இயக்கத்தின் வரலாற்று மரபு சுட்டுகிறது. வயது வந்தோர் அரசியல் காரணத்திற்காக ஓர் உறுதியை ஏற்கலாம். பின்னர் மறுக்கவும் செய்யலாம். சிறுவனோ தன் மானத்தின் மேல் ஆணையிட்டு அதனைக் கூறுகிறான். சாரணர் பயிற்சி முழுவதும் சொன்ன சொல்லைக் காத்தலின் மேல் கட்டப்பட்டது. ஆதலின் அச்சொல்லை வெறுஞ்சடங்காகக் கொள்ளுமாறு சிறுவனுக்குக் கற்பிப்பது பயிற்சியின் அடிப்படையையே தகர்க்கும். உண்மையாகக் கொள்ளுமாறு கற்பிப்பது நாட்டுரிமை உணர்வுக்கு எதிராகும். மறுப்பின் வலிமை இவ்விடத்தில் உள்ளது.

மறுப்பு இழப்பற்றதன்று. உலகளாவிய சாரணர் உறவிலிருந்து விலகி நிற்பதும் அரசின் ஏற்பின்றி இயங்குவதும் அதன் விலை. இருப்பினும் 1937க்குப் பின் அதன் பயன் வெளிப்பட்டது. டெல்லியில் அவ்வாண்டு நடைபெற்ற அகில இந்தியப் பெருந்திரளணிக்குப் பேடன் பவல் வந்தார். இந்தியரின் பண்பைத் தாழ்த்துவனவாகக் கருதப்பட்ட அவரது கருத்துகள் எதிர்ப்பை எழுப்பின. பலர் அவரது அமைப்பை விட்டு விலகினர்; 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. விலகியோர் சென்று சேர இடமிருந்தமைக்கு, இருபது ஆண்டுகளாகத் தனித்து நின்ற சேவா சமிதியின் மறுப்பே வழிவகுத்தது.

பந்தியில் நிகழ்ந்த தேர்வு

உறுதிமொழியிலிருந்து அரசரை நீக்கிவிட்டால் உடன்பிறப்பு நிறைவெய்தும் என்று கருத இயலாது. சாரணர் முகாம் என்பது சிறுவர் கூடிச் சமைத்து, கூடி உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கும் இடம். சாதி அடிப்படையில் பந்தி பிரிந்த சமூகத்தில் நான்காம் விதி பேரரசை மட்டுமன்றிப் பெற்றோரையும் நோக்கி வினா எழுப்புகிறது.

இவ்வினா எத்துணைக் கூர்மையானது என்பதைச் சாரணர் அமைப்பல்லாத மற்றொரு நிறுவனம் காட்டுகிறது. வ.வே.சு. ஐயர் 1922இல் சேர்மாதேவியில் தொடங்கிய குருகுலம், காலனியக் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வியைத் தர முற்பட்டது. அங்குப் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டமை 1924–25இல் பெரும் பூசலாயிற்று. அவர்தம் பெற்றோரின் விருப்பமே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பெரியார், டாக்டர் வரதராசுலு நாயுடு முதலியோர் அதனை வன்மையாக எதிர்த்தனர். அந்நிய அரசரை ஏற்காத நிறுவனத்தின் பந்தியிலும் உடன்பிறப்பு தடைப்பட்டது. ஆகவே, ஓர் அமைப்பில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் அதன் உறுதிமொழியைப் படித்தல் மட்டும் போதாது, அதன் பந்தியையும் காண வேண்டும் என்னும் பாடத்தைத் தமிழகம் தன் வரலாற்றிலேயே கொண்டுள்ளது.

சிறுமியர் நிலையிலும் இதனையொத்த இடைவெளி காணப்படுகிறது. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் திரளணிக்குச் சிறுமியர் தாமாகவே வந்து நின்றனர். ‘உடன்பிறந்தார்’ என்ற விதி அவர்களைக் கருதவில்லை. 1910இல் அவர்களுக்கெனத் தனி அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. இங்கும் அழைக்கப்படாதோர் வந்து நின்றமையே அமைப்பை மாற்றியது.

1950: மாற்றப்பட்ட உறுதிமொழி

விடுதலைக்குப் பின் நேரு, அபுல் கலாம் ஆசாத், குன்ஸ்ரு முதலியோரின் முயற்சியால் பிரிந்திருந்த அமைப்புகள் இணைந்து, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் அமைப்பும் இதில் இணைந்தது. புதிய உறுதிமொழியில் அரசர் இடம்பெறவில்லை. கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்றும் கடமை இடம்பெற்றது. விரும்புவோர் கடவுள் என்னும் சொல்லுக்கு மாற்றாகத் தருமம் என்னும் சொல்லைக் கூறலாம் என்னும் விதியும் அமைந்தது.

இச்சிறு விதி பெரிதும் கருதத்தக்கது. சிறுவனின் மனச்சான்றுக்கு ஒவ்வாத சொல்லை அவன் வாயில் திணிக்கலாகாது என்பதை அமைப்பே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. 1921இல் சேவா சமிதி வேண்டி நின்றதும் ஏறத்தாழ இதுவே. அதேவேளையில் சென்னைச் சங்கம் 1921இல் பெற்றுத் தந்த நுழைவும் வீண்போகவில்லை. இந்தியச் சிறுவர் தனிக்கிளையில் ஒதுக்கப்படாமல் இயக்கத்தின் உறுப்பினராக முப்பதாண்டுகள் பயின்றிருந்தனர்.

முடிவுரை

காலனிய இந்தியாவில் சாரணர் இயக்கம் நன்மை தருமா, தீமை தருமா என்பது தனித்த வினாவாக எழவில்லை. முகாமும் முதலுதவியும் வழியறிதலும் நல்லவை என்பதில் பெசன்ட்டுக்கும் மாளவியாவுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்நிபந்தனையில் சேர்வது என்பதிலேயே வேற்றுமை எழுந்தது. சேர்க்கை வாயிலைத் திறந்தது. மறுப்பு உறுதிமொழியை மாற்றியது. பந்தியைக் குறித்த கேள்வி இவ்விரண்டிற்கும் அப்பால் நின்றது. பிள்ளைகளை அளிக்கவும் மறுக்கவும் சமூகத்திற்கு இருந்த ஆற்றலே, தலைமையகம் தாமாக விட்டுக்கொடுக்காதவற்றைப் பெற்றுத் தந்தது.

சீருடையணிந்து குழந்தைகள் உறுதி கூறும் எவ்வமைப்பையும் மதிப்பிட இவ்வரலாறு மூன்று அளவுகோல்களைத் தருகிறது: யார் உள்ளே வரலாம்? யாருக்குக் கடமைப்படுவதாகக் குழந்தை சொல்கிறது? உள்ளே வந்த பின் யார் யாருடன் உண்கிறார்? சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடும் பெற்றோர் இம்மூன்றையும் கேட்க உரிமையுடையவர். அவ்வாறு கேட்டோரால்தான் இவ்வியக்கம் இந்தியாவில் இன்றைய வடிவத்தைப் பெற்றது.